அரசுத் தரப்பு கேட்கும் வாய்தா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர், தம் ஊர் ஏரி ஆக்கிரமிப்பு வழக்கில் அரசு வழக்கறிஞர் தொடர்ந்து நான்கு முறை எழுந்து நின்று அவகாசம் மட்டுமே கேட்டுவிட்டு அமர்ந்ததாகவும், மக்கள் வரிப்பணத்தில் வாதாடும் ஒருவர் வழக்கின் கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் வருவது வேதனைக்குரியது என்றும் எழுதியிருந்தார். அவருடைய வேதனை நியாயமானது. ஆயினும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலும் உயர் நீதிமன்றத்திலும் சுற்றுச்சூழல் வழக்குகளில் அரசுத் தரப்பில் சில ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், அந்த அவகாசம் எங்கே உருவாகிறது என்பதை அவருக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். நானும் பலமுறை அதே சொற்களைச் சொல்லிவிட்டு அமர்ந்தவன்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அரசு என்பது ஒன்று. ஏரி வழக்கில் வரிசையாக நிறுத்தப்படும் எதிர்மனுதாரர்களைப் பார்த்தால் அது ஆறேழாகப் பிரிந்து நிற்பது புரியும். ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதன் நீரால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நிலம் எந்த வகைப்பாடு என்று சொல்ல வேண்டியது வருவாய்த் துறை. அளந்து காட்ட வேண்டியது நில அளவைத் துறை. ஏரிக்குள் விழும் சாக்கடைக்கு உள்ளாட்சி அமைப்பு பதில் சொல்ல வேண்டும். நீரின் தரத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதில் சொல்ல வேண்டும். வாரியத்துக்கும் பல மாநகராட்சிகளுக்கும் மின் நிறுவனத்துக்கும் தனித்தனி வழக்கறிஞர்கள் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது போன்ற வழக்குகளில், மாசுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்படுவதும் அரசு நிறுவனம், அதைத் தடுத்திருக்க வேண்டியதும் அரசு வாரியம், மேற்பார்வை செய்திருக்க வேண்டியதும் அரசுச் செயலகம். எல்லோரும் ஒரே பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்வது ஒன்றாக இருக்காது.

வழக்கு எடுத்துக்கொள்ளப்படும் நாளின் காலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். சேப்பாக்கம் கலச மகாலில் தீர்ப்பாயம் கூடுவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது, முதல் நாள் இரவுப் பேருந்தில் புறப்பட்டு வந்த துணை வட்டாட்சியர் ஒருவர், துணிப்பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நீட்டுவார். அதில் பத்திவாரியான குறிப்புரை இருக்காது. “மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது, வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும்” என்று இரண்டு வரிகள் மட்டும் இருக்கும். எந்தப் புல எண் (சர்வே எண்) என்று கேட்டால், அது தமக்கு முன்பு இருந்தவர் காலத்தில் நடந்தது என்பார். நீர்வளத் துறைப் பொறியாளர் எங்கே என்று கேட்டால், அவர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறோம் என்பார். போட்ட கடிதத்தின் நகல் மட்டும் கோப்பில் தவறாமல் இருக்கும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு நிபுணர் உறுப்பினரும் அமர்ந்திருக்கும் அவைமுன் என்ன பேச முடியும்? நிபுணர் உறுப்பினர் சட்டம் கேட்க மாட்டார். நீரில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லி கிராமைத் தாண்டவில்லை என்கிறீர்களே, மாதிரி எடுத்தது கழிவுநீர் விழும் இடத்துக்கு மேலேயா, கீழேயா என்று கேட்பார். நான்கு வாரம் அவகாசம் வேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் பொய் கலக்காமல் சொல்லக்கூடிய ஒரே வாக்கியம். மனுவை ஆறு மாதத்துக்குள் முடித்துவைக்க முயல வேண்டும் என்று தீர்ப்பாயத்தை அமைத்த 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நான்கு வாய்தாவில் அதில் பாதிக்கு மேல் போய்விடும்.

அவகாசம் கேட்காமல் பதில் மனு தாக்கல் செய்த ஒரு வழக்கைத்தான் இன்றும் நினைத்து வெட்கப்படுகிறேன். வடமாவட்டம் ஒன்றின் ஏரி அது. நீர்ப்பரப்பில் ஆக்கிரமிப்பு ஏதுமில்லை என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். அதைச் சட்டத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மெருகேற்றி, அவருடைய கையொப்பத்துடன் தாக்கல் செய்தேன். மனுதாரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அடுத்த விசாரணையில் அவர் வாதம் ஏதும் செய்யவில்லை; ஏரிக்குள் உள்ள வீடுகளின் மின் கட்டண அட்டைகளின் நகல்களையும் வீட்டுவரி ரசீதுகளையும் ஒரு கட்டாகக் கட்டி மேசைமேல் வைத்தார். எல்லாம் அரசு கொடுத்தவை. அமர்வு கூட்டுக் குழு அமைத்தது. குழு ஆய்வுக்குப் போன நாளில், அழைப்பு இல்லாவிட்டாலும், நானும் பேருந்து ஏறிப் போனேன்.

கரைமேல் ஏறி நின்றால் மதகு துருப்பிடித்து நிற்கிறது. மிகை நீர் வழிந்தோடும் கலிங்கு இருந்த இடத்தில் ஒரு கோழி இறைச்சிக் கடை. கரைக்கு உள்பக்கம் கான்கிரீட் சாலை, தெருவிளக்கு, சாலையைத் திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு. நில அளவர் தம் இருசக்கர வண்டியின் இருக்கைமேல் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடினார். அரை மணி நேரத்துக்குப் பின் ஒரு வீட்டின் கொல்லையில் கல் கிடைத்தது. அந்த வீட்டு அம்மாள் அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார். “இது சர்க்கார் கல்லுன்னு தெரியும் சார், நாங்க வரும்போதே இங்கதான் இருந்தது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த அலுவலகத்தின் மொட்டை மாடி அந்தக் கொல்லையிலிருந்து தெரிந்தது. நான் தாக்கல் செய்த பதில் மனுவைத் திரும்பப் பெற்று, திருத்திய மனுவைத் தாக்கல் செய்ய அனுமதி கேட்டேன். அமர்வு அனுமதித்தது, துறை மகிழவில்லை. அரசு வழக்கறிஞரே அரசுக்கு எதிராகப் பேசுகிறார் என்று மேலிடத்துக்குக் குறிப்பு போனதாகப் பின்னர் அறிந்தேன்.

இந்தக் குறிப்பில் உள்ள தவறுதான் என் கடிதத்தின் பொருள். தனியார் கட்சிக்காரருக்காக நிற்கும் வழக்கறிஞர், சட்டத்துக்கு உட்பட்டுத் தம் கட்சிக்காரருக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துப் பேசலாம். அரசுக்காக நிற்பவருக்கு, அதுவும் நீர், காற்று, காடு பற்றிய வழக்கில் நிற்பவருக்கு, அந்த வசதி கிடையாது. ஆறும் ஏரியும் கடற்கரையும் அரசின் சொத்து அல்ல, மக்களுக்காக அரசு அறங்காவலராக இருந்து காப்பவை என்று உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் 1996 டிசம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. (அதற்கு முந்தைய இரண்டு நாள்களையும் சட்ட மாணவர்கள் மறக்க மாட்டார்கள். 11ஆம் தேதி, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கின் தீர்ப்பு. 12ஆம் தேதி, கூடலூர்க் காடுகளுக்காகத் தொடங்கி நாடு முழுவதற்கும் விரிந்த கோதவர்மன் வழக்கின் புகழ்பெற்ற ஆணை. மூன்றில் இரண்டு தமிழ்நாட்டு மண்ணிலிருந்து போனவை.) கோயில் நிலத்தை யாரோ வளைத்துக்கொண்டதை அறங்காவலரின் வழக்கறிஞரே மறைத்துப் பேசினால் நாம் ஏற்போமா? ஏரிக்கும் அதே அளவுகோல்தான். துறையின் மானத்தைக் காப்பது வேறு, அரசின் வழக்கை நடத்துவது வேறு என்பதைப் பல அலுவலகங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்ப்பு வந்தபின் நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்ற நெறியும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் உறுதிசெய்தது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. அந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது. அதன்பின் பணம் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா, நிர்ணயித்த காலத்துக்குப் பிந்தைய இழப்புக்கு என்ன வழி என்ற கேள்விகள் மீண்டும் நீதிமன்ற வாசலுக்கே வந்தன. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், இழப்பீட்டை முதலில் அரசே ஆறு வாரங்களுக்குள் கொடுத்துவிட்டுப் பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. நிறைவேற்றத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தது. இரண்டு தேதிகளுக்கும் நடுவே 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த இடைவெளியில் எத்தனை நிலை அறிக்கைகள், எத்தனை அவகாசங்கள், எத்தனை அரசு வழக்கறிஞர்கள் என்று எண்ணிப் பார்த்தால், எங்கள் தொழிலின் பெரும்பகுதி வாதத்தில் அல்ல, உத்தரவு நிறைவேறியதா என்று துறைகளைத் துரத்திக் கேட்பதில் கழிகிறது என்பது விளங்கும். அந்த வேலைக்கு நாளிதழில் செய்தி வராது. கட்டணப் பட்டியலில் தனி வரியும் கிடையாது.

வாதத் திறமையால் சுற்றுச்சூழல் வழக்குகள் வெல்லப்படுகின்றன என்ற எண்ணமும் பாதிதான் சரி. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையின் கழிவுநீரில் மாதிரி எடுக்கும் அலுவலர் ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, தனித்தனிக் கலனில் இட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறை பிசகினால் ஆய்வறிக்கை சாட்சியமாக நிற்காது. ஓடையில் சாயநீர் ஓடுவதை ஊரே பார்த்திருக்கும். புட்டியின் ஒட்டுத்தாளில் ஒரு கையொப்பம் விடுபட்டதால் வழக்கு போகும். எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர் அந்த ஒட்டுத்தாளின் நகலைத்தான் முதலில் கேட்பார். ஆற்றைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச மாட்டார். முறைப்படி மாதிரி எடுக்கக் களப்பணியாளருக்குச் சொல்லிக் கொடுக்காமல், எவ்வளவு பெரிய வழக்கறிஞரை அமர்த்தினாலும் பயனில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை வழக்கை எல்லோரும் 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டோடு சேர்த்தே நினைக்கிறோம். 13 உயிர்கள் போன அந்தத் துயரத்தை அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆனால் நீதிமன்றத்தில் நின்றது வேறு. ஆலை இயங்குவதற்கான இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையில் இருந்தவை உலர்ந்த காரணங்கள்: நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைக் கொடுக்காதது, உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றாதது, அபாயகரமான கழிவுகளுக்கான அனுமதி இல்லாதது போன்றவை. ஆலை செய்த மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த மேல்முறையீட்டை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை என்ற அரசுத் தரப்பு வாதத்தை 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 800 பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பில் மூடலை உறுதிசெய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. முழக்கங்கள் அல்ல, தேதி வாரியாக அடுக்கிய கடிதங்களும் ஆய்வுக் குறிப்புகளும் அந்தத் தரப்பைத் தாங்கி நின்றன. அதே கோப்புகள் வாரியம் அதற்கு முன் காட்டிய மெத்தனத்தையும் வெளிச்சமிட்டன. உயர் நீதிமன்றம் அதைக் கண்டிக்கவும் செய்தது. தன் தவறும் தெரியும்படி கோப்பை முழுமையாகத் திறந்து வைத்ததால் அரசின் வழக்கு பலவீனப்படவில்லை என்பதைத் துறைகள் கவனிக்க வேண்டும்.

இனி, வாசகர்கள் அதிகம் அறியாத ஒன்று. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுவது நம் நாட்டில் நடைமுறையாகிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் அனைவரையும் ஒரே ஆணையில் நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் சொன்னது. நியமனம் தகுதி அடிப்படையில், வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று 2016இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் மறுபடியும் சொன்னது. எந்தக் கட்சியையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. எல்லோரும் இதில் சமம். ஆனால் சுற்றுச்சூழல் வழக்கு ஒன்று ஐந்தாறு ஆட்சிகளைக் கடந்து வாழ்கிறது. புதிதாக வருபவர் கையில் கிடைப்பது நூல் கட்டிய காகிதக் கட்டு மட்டுமே. எந்த அதிகாரி எந்த நாளில் என்ன வாக்குறுதி கொடுத்தார், எந்த அறிக்கையை எதனால் நம்பக் கூடாது என்ற அறிவு பழையவரோடு வெளியேறிவிடுகிறது. நான் பொறுப்பை விட்டபோது, நடப்பிலிருந்த வழக்குகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. அது பிரிக்கப்பட்டதா என்றும் கேட்டறிய மனம் வரவில்லை.

எனவே அன்பர் கேட்டதுபோல் அரசு வழக்கறிஞரை மாற்றினால் மட்டும் வாய்தா நின்றுவிடாது. நீர்நிலை, மாசு வழக்குகளில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறித்த காலத்துக்குள், மாவட்ட ஆட்சியர் எல்லாத் துறைகளையும் ஒரே மேசையில் அமர்த்தி, களத்தை நேரில் பார்த்து, அரசின் நிலை இதுதான் என்று ஒரே அறிக்கையாக, மூலக் கோப்போடு அனுப்ப வேண்டும். ஏரி வழக்கென்றால் 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு (யு.டி.ஆர்.) முந்தைய ‘அ’ பதிவேட்டின், அதாவது கிராம நிலப் பதிவேட்டின், நகலும் அதில் இருக்க வேண்டும், யு.டி.ஆருக்கு முந்தைய பதிவு எங்கே என்பதுதான் எப்போதும் வரும் முதல் கேள்வி, அதற்குத்தான் எப்போதும் முதல் வாய்தாவும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நீரியலும் வேதியியலும் தெரிந்த இருவரை நிரந்தரப் பணியில் வைப்பது பெரிய செலவல்ல. கோப்பு அரசுக்கு எதிராக இருந்தால் அதை அவையில் ஒப்புக்கொள்ள வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் அதிகாரம் தர வேண்டும். தோற்பது உறுதி என்று தெரிந்தும், மேல்நீதிமன்றமே தள்ளிவிட்டது என்று காட்டிக்கொள்ள ஒரு சான்று வேண்டும் என்பதற்காக மேல்முறையீடு செய்யும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசின் வழக்கொன்றில் கடுமையாகச் சாடியது. 663 நாள் தாமதத்துக்கு 25,000 ரூபாய் விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது. அது சுற்றுச்சூழல் வழக்கல்ல. ஆனால் படித்தபோது நான் நின்ற பல வழக்குகள் கண்முன் வந்தன.

நாளிதழ்ச் செய்தியை வைத்தே தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியாகிவிட்டது. ஆகவே தங்கள் செய்தியாளர்கள் எழுதும் ஒவ்வொரு ஏரிச் செய்தியும் நாளை ஒரு வழக்கின் முதல் பக்கமாகலாம். புல எண்ணையும் ஏரி யாருடைய பராமரிப்பில் உள்ளது என்பதையும் சேர்த்து எழுதினால், அரசுத் தரப்பில் நிற்பவருக்கும் மனுதாரருக்கும் ஒரு வாய்தா மிச்சமாகும்.

கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விசாரணையில் பதில் மனு தாக்கலானால் அதன் நகல் அவருக்குக் கிடைக்கும். முதலில் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, பிரமாணம் செய்து கையொப்பமிட்டிருப்பது வட்டாட்சியரா, நீர்வளத் துறைச் செயற்பொறியாளரா, வேறு யாருமா என்று பார்க்கட்டும். அந்த அலுவலர் ஏரியை நேரில் பார்த்த தேதி மனுவில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடட்டும். இல்லையென்றால், அதை அவையில் எழுந்து கேட்கட்டும். அரசுத் தரப்பு நாற்காலியில் இருப்பவர் மனத்துக்குள் நன்றி சொல்வார்.

இங்ஙனம்,
முன்னாள் கூடுதல் அரசு வழக்கறிஞர் ஒருவர்,
சென்னை.